ஊர்ப்பெயர் தாங்கிய உலக வழக்குகள்

பழமொழி கலவாத பேச்சு உப்பில்லாத உணவு போன்றது என்பர் நம் முன்னோர். நம் பாட்டிமார் நாவில் நாள்தோறும் புழங்கிய பழமொழிகளுள்ளும் மரபுத்தொடர்களுள்ளும் ஊர்ப்பெயரைத் தாங்கி வருவன ஒரு தனி இனமாகும். 'சிதம்பர ரகசியம்' என்கிறோம். 'மதுரைக்கு வழி வாயிலே' என்கிறோம். 'காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது' என்கிறோம். சிதம்பரம் காணாதவரும் இவற்றைத் தடையின்றிச் சொல்லுகின்றனர். காசிக்குச் செல்லாதவரும் கேட்டவுடன் பொருள் உணர்ந்துகொள்ளுகின்றனர். ஊர் எங்கோ இருக்க, அதன் பெயர் மட்டும் நம் வீட்டுத் திண்ணை வரை நடந்து வந்த வரலாறு என்ன? இதனைச் சிறிது ஆராய்வது இவ்வாண்டு மலருக்குப் பொருந்தும் எனக் கருதி எழுதத் துணிந்தோம்.

நாம் பெரும்புலவர் அல்லோம். பள்ளியிறுதிப் படிப்போடு இரயில்வே பணியில் அமர்ந்து, ஊர்ப்பெயர்களைப் பதிவதையும் பயணச்சீட்டு வழங்குவதையுமே தொழிலாகக் கொண்டவர். ஆயினும் நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட இவ்வூர்களில் பணியின் பொருட்டும் வணிகத்தின் பொருட்டும் வந்து குடியேறிய நம்மவர்க்கு இப்பொருள் மிக அண்மையானது. காலையில் தமிழிலும் கடைத்தெருவில் மலையாளத்திலும் பேசும் நம் காதுகளில் இருமொழி வழக்குகளும் ஒருங்கே விழுகின்றன. அவற்றுள் சில நம்மை மகிழ்விக்கின்றன. சில நம் பிள்ளைகளைப் புண்படுத்தவும் செய்கின்றன. எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அறிந்தவனுக்கு அச்சொல்லிடம் அச்சம் இராது.

பழமொழிகளைத் திரட்டிய பெரியோர் பலர். பெர்சிவல் என்னும் பாதிரியார் 1842-இல் ஒரு தொகுப்பும், 1874-இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் அடங்கிய பெருந்தொகுப்பும் வெளியிட்டார். 1897-இல் ஜென்சன் என்பார் தமிழ்ப் பழமொழிகளைப் பொருள்வகையால் பிரித்து அச்சிட்டார். மலையாளத்தில் குண்டர்ட் 1872-இல் வெளியிட்ட அகராதியிலும் பழமொழிகள் இடம்பெற்றன. ஊர்ப்பெயர்களின் வழியே வரலாற்றைக் காணலாம் என்பதைச் சொல்லின் செல்வர் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 'ஊரும் பேரும்' என்னும் நூலில் இனிது விளக்கினார்.

பழமொழிக்குக் கதை கட்டுவது எளிது. ஒவ்வொன்றுக்கும் ஊருக்கு ஒரு கதை உண்டு. அவற்றுட் பல பழமொழிக்குப் பின்னே பிறந்தவை. ஆகவே நாம் ஓர் எளிய அளவுகோலைக் கைக்கொள்வோம். ஓர் ஊர் எப்பொழுது எதனால் பெயர் பெற்றதோ, அதற்கு முன்னர் அவ்வூரைச் சுட்டும் வழக்குப் பிறந்திருத்தல் இயலாது. வண்டி புறப்படுவதற்கு முன் அடுத்த நிலையத்தை அடைய முடியாதன்றோ? இவ்வளவுகோல் கொண்டு நோக்கின், ஊர்ப்பெயர் வழக்குகள் அளவு, வளம், எல்லை, பழி என்னும் நான்கு வாயில்களின் வழியே பேச்சினுள் நுழைந்தமை புலனாகும். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. அளவாக நின்ற ஊர்

ஒரு செயல் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு ஓர் ஊரை எடுத்துக்காட்டாகக் கூறுவது முதல் வகை. இதற்கு மிகப் பழைய சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது என்பதைப் பலர் அறியார்.

பாறசாலையிலிருந்து சிறிது தொலைவில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், முன்சிறைக்கு அருகே பார்த்திவபுரம் என்னும் ஊர் உள்ளது. கி.பி. 866-இல் ஆய்வேள் கருநந்தடக்கன் என்னும் மன்னன் முன்சிறைச் சபையாரிடம் நிலம் பெற்று, அங்கே ஒரு திருமால் கோயிலை எடுத்தான். அதனோடு 95 மாணவர்கள் உண்டு உறைந்து கற்பதற்கு ஒரு சாலையையும் நிறுவினான். இச்செய்தி தமிழ் மொழியில் வட்டெழுத்தில் செப்பேடுகளாகப் பொறிக்கப்பெற்றுப் பின்னாளில் திருவனந்தபுரம் ஹஜூர் அலுவலகத்தில் பாதுகாக்கப்பட்டது. அச்சாலை எவ்வாறு நடைபெறவேண்டும் என்பதற்கு மன்னன் காட்டிய அளவு, காந்தளூர்ச் சாலையின் நடைமுறையேயாம். காந்தளூரில் எப்படியோ அப்படியே இங்கும் என்பது அவன் கருத்து. ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் ஊரின் பெயர் ஒழுங்குக்கு மறுபெயராய் நின்றமையை இதனால் அறிகின்றோம்.

அக்காந்தளூர் திருவனந்தபுரத்தில் கரமனைக்கு அண்மையில் உள்ள வலியசாலையே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். கி.பி. 985-இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசன், காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்த வெற்றியைத் தன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே கல்வெட்டுகளில் பொறித்தான். கலம் என்பது மரக்கலம் என்பர் சிலர். உண்கலம் என்றும், அஃதாவது சாலையில் உண்டு வந்தோர் உரிமையை நிறுத்தியது என்றும் கொள்வர் வேறு சிலர். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆனால் நம் பொருளுக்கு வேண்டுவது வேறொன்று. இராசராசனுக்குப் பின் வந்த சோழர் சிலரும் இதே புகழைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டனர். ஒரு மன்னன் ஒரு காலத்தில் செய்த செயல், வெற்றியைக் குறிக்கும் வாய்பாடாக நிலைத்துவிட்டது. மரபுத்தொடர் பிறக்கும் முறை இதுவே. அரண்மனையிலும் அவ்வாறே, அடுக்களையிலும் அவ்வாறே.

மக்கள் நாவில் இவ்வகையில் நிலைத்தது 'சிதம்பர ரகசியம்'. தில்லைக் கோயிலில் ஆடவல்லான் திருவுருவின் பக்கத்தே ஒரு திரை தொங்கும். திரையை விலக்கினால் உருவம் ஏதும் இராது. பொன்னால் ஆன வில்வ மாலைகள் தொங்கும். ஐம்பூதங்களுள் வானமாக இறைவன் விளங்குவதை அஃது உணர்த்தும் என்பர் சமயவாணர். உயர்ந்த தத்துவமாகிய இது, சம்பளம் எவ்வளவு என்பதை மனைவியிடம் மறைக்கும் கணவனுக்கும் இன்று உவமையாகிறது!

கேரளத்தில் இதற்கு நிகராகக் 'காயங்குளம் வாள்' என்பர். காயங்குளம் ஒரு தனி அரசாக இருந்து, 1746-இல் மார்த்தாண்டவர்மரால் திருவிதாங்கூரோடு சேர்க்கப்பட்டது. அந்நாட்டு வாள் இருபுறமும் கூர் உடையது. கிருஷ்ணபுரம் அரண்மனைக் காட்சிசாலையில் அவ்வகை வாளை இன்றும் காணலாம். இங்கொன்றும் அங்கொன்றும் பேசி இருதரப்பாரையும் அறுப்பவனுக்குக் காயங்குளம் வாள் என்பது பட்டம். அரசு மறைந்தது, வாள் காட்சிப்பொருளாயிற்று, வழக்கு மட்டும் கூர் மழுங்காமல் இருக்கிறது.

2. வளத்தால் பெயர் பெற்ற ஊர்

ஒரு பொருள் நிரம்ப விளையும் இடத்திற்கே அப்பொருளைக் கொண்டு செல்பவன் பேதை. இக்கருத்தை உலகத்து மொழிகள் பலவும் ஊர்ப்பெயரால் உணர்த்துகின்றன. ஆங்கிலேயர் நிலக்கரித் துறைமுகமாகிய நியூகாசிலுக்கு நிலக்கரி சுமப்பதைச் சொல்வர். பண்டைக் கிரேக்கர் ஆதென்சு நகருக்கு ஆந்தை கொண்டு போவதைச் சொன்னார்கள்; ஆந்தை அந்நகரத் தெய்வத்தின் பறவை, நாணயத்திலும் பொறிக்கப்பட்டது. வடநாட்டில் மூங்கிலுக்குப் பெயர்பெற்ற பரேலிக்கே மூங்கிலைத் திருப்பி அனுப்பும் கதையைச் சொல்லுவர்.

தமிழில் பழைய வழக்கு 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது'. இதனைக் கொல்லம் நகரத் தெருவென்று நம் குழந்தைகள் எண்ணிவிடலாகாது. இங்கே நின்றவன் இரும்படிக்கும் கொல்லன், நகரம் அன்று. ஒலி ஒப்புமை கண்டு ஊர் என்று முடிவு கட்டுதல் ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் முதற் பள்ளம். இதே கருத்தை இக்காலத்தார் 'திருநெல்வேலிக்கே அல்வாவா?' என்று கேட்கின்றனர். நம் அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம். அல்வா என்பது அரபுச் சொல். கோதுமைப் பாலைக் கொண்டு கிண்டும் அப்பண்டம் நெல்லுக்கே பெயர்பெற்ற தாமிரபருணிக் கரைக்கு வெளியிலிருந்து வந்து புகழ் பெற்றது. எனவே இவ்வழக்கு கொல்லன் தெரு வழக்கினும் பல தலைமுறை இளையது என்பது தெளிவு.

மெய்யாகவே கொல்லம் நகரைச் சுட்டும் பழமொழி வேறு. 'கொல்லம் கண்டவனுக்கு இல்லம் வேண்டா. கொச்சி கண்டவனுக்கு அச்சி வேண்டா' என்பது அது. அச்சி என்றால் மனைவி. மலையாளத்தில் பிறந்த இது தென்தமிழ் நாட்டாரும் அறிந்த ஒன்று. வணிகத்தின் பொருட்டுக் கொல்லம் சென்றவன் அவ்வூரின் செழிப்பில் மயங்கி வீட்டை மறந்தான்; கொச்சி சென்றவன் மனைவியையே மறந்தான் என்பது கருத்து. கணவனைத் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டு ஓலைக்குக் காத்திருந்த பெண்டிரின் பெருமூச்சு இதில் கேட்கிறதல்லவா? பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களுக்கு இதற்கு உரை எழுத வேண்டுவதில்லை.

கொல்லத்தின் பெருமை பழமையானது. தென்தமிழ் நாட்டிலும் வழங்கிய கொல்லம் ஆண்டு கி.பி. 825-இல் தொடங்குகிறது. 849-இல் தரிசாப்பள்ளிச் செப்பேடு அந்நகர வணிகர்க்கு உரிமைகள் வழங்கியதைக் கூறுகிறது. பதினான்காம் நூற்றாண்டில் வந்த இபன் பதூதா அதன் கடைத்தெருக்களின் சிறப்பைப் பாராட்டினார். கொச்சியோ அவ்வளவு பழமையான துறைமுகம் அன்று. 1341-இல் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்துக் கொச்சியில் புதிய கழிமுகத்தைத் திறந்தது. அதன் பின்னரே கொச்சி வளர்ந்தது. ஆகவே பழமொழியின் பின்பாதி 1341-க்கு முற்பட்டதாக இருத்தல் அரிது. முன்பாதி அதனினும் பழையதாய் இருந்து, புதிய துறைமுகம் எழுந்தபோது எதுகை நோக்கிப் பின்பாதி வந்து ஒட்டியிருக்கலாம். 'அம்பலப்புழை வேலை கண்டால் அம்மையும் வேண்டா' என்று அதே அச்சில் திருவிழாவைப் போற்றும் மற்றொரு பழமொழியும் அந்நாட்டில் உண்டு. வேலை என்பது இங்குக் கோயில் திருவிழா.

3. எல்லையாக நின்ற ஊர்

இனி, நம் சொந்த ஊருக்கே வருவோம். கேரளத்து மேடைகளில் 'மஞ்சேசுவரம் முதல் பாறசாலை வரை' என்ற தொடரைக் கேளாதார் இலர். தேர்தல் பேச்சாயினும் ஊர்வல அறிவிப்பாயினும் மாநிலம் முழுவதும் என்பதற்கு இத்தொடரே வழங்கும். நம் பாறசாலை ஒரு மரபுத்தொடரில் இடம்பெற்றுவிட்டது! இத்தொடருக்குக் கதை தேட வேண்டியதில்லை. பிறந்த நாளையே குறித்துவிடலாம்.

1956 அக்டோபர் 31 வரை மஞ்சேசுவரம் சென்னை மாநிலத்துத் தென்கன்னட மாவட்டத்தில் இருந்தது. பாறசாலையோ எந்த மாநிலத்துக்கும் எல்லையாக இருக்கவில்லை. அதற்குத் தெற்கே விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் என நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலேயே இருந்தன. அந்நான்கு வட்டங்களும் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் எனத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசார் நேசமணி அவர்கள் தலைமையில் போராடினர். 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. பசல் அலி தலைமையில் அமைந்த மாநிலச் சீரமைப்புக் குழு 1955-இல் தன் அறிக்கையை அளித்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. அதே நாளில் காசர்கோடு வட்டம் கேரளத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. மஞ்சேசுவரம் வடகோடியாகவும் பாறசாலை தென்கோடியாகவும் ஆனது அந்த ஒரே நாளில்தான். ஆகவே மாநிலத்தின் நீளத்தைக் குறிக்கும் இத்தொடர் அந்நாளுக்கு முன் எவர் வாயிலும் பிறந்திருக்க வழியில்லை.

அதற்கு முன் எல்லை கூறும் வழக்குகள் வேறாக இருந்தன. மலையாள மரபில் 'கோகர்ணம் முதல் கன்னியாகுமரி வரை' என்றனர். பரசுராமர் கடலிலிருந்து மீட்ட நிலம் என்னும் புராணச் செய்தியோடு அது பொருந்தியது. தமிழ் மரபில் வேங்கடம் முதல் குமரி வரை என்றனர். இரண்டு வழக்குகளுக்கும் தென்கோடி ஒன்றே, குமரி. இன்று நாடு முழுவதையும் குறிக்கக் 'காசுமீரம் முதல் கன்னியாகுமரி வரை' என்கின்றனர். அரசுகள் மாறும்போது எல்லைத் தொடர்களும் மாறுகின்றன. கடல் மட்டும் மாறாமையால் குமரி எல்லாத் தொடர்களிலும் நிற்கிறது.

பாறசாலை ஒரு தொடரின் கடைசிச் சொல்லானதால் இவ்வூர்கள் கடைக்கோடி ஆகிவிடுமோ? வரலாற்றை நோக்கின் இவை நடுவழியில் இருந்தவை. 1795-இல் தருமராசா காலத்தில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும் வரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கியது பத்மநாபபுரம். அஃது இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அதன் அரண்மனையைக் கேரள அரசின் தொல்பொருள் துறையே பேணுகிறது. பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடைப்பட்ட பெருவழி குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகவே சென்றது. பகைவரால் துரத்தப்பட்ட இளவரசர் மார்த்தாண்டவர்மர் நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்னும் கதையும் இவ்வழி நடந்ததே. 'அம்மச்சிப் பிலாவு' என்று அம்மரத்தைக் குறிப்பர். நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே உள்ள பாலராமபுரம், 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மரின் பெயரால் விளங்குவது. அங்கே தறி நெய்யத் தமிழகத்திலிருந்து சாலியர் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டன. நமக்கு முன்னே இவ்வழியே குடியேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் அவை.

இன்றும் ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் ஓர் ஊர்வலம் இவ்வழியே செல்லுவதை நாம் காண்கிறோம். பத்மநாபபுரத்திலிருந்து கலைமகளும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளுகின்றனர். அக்கலைமகள் கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது மரபு. களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடந்து, நெய்யாற்றின்கரையில் தங்கி, வழிபாடு முடிந்தபின் வந்த வழியே திரும்புகின்றனர். எல்லைக்கோடு பிறந்த பின்னும் தெய்வங்களின் பயணம் நிற்கவில்லை.

இரும்புப் பாதையும் அவ்வாறே. 1979 ஏப்ரலில் திருவனந்தபுரம் கன்னியாகுமரிப் பாதை திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் உருவான திருவனந்தபுரம் கோட்டம், நாகர்கோவில், கன்னியாகுமரி ஆகிய தமிழ்நாட்டு நிலையங்களையும் தன்னகத்தே கொண்டே அமைந்தது. மேடைப்பேச்சில் பாறசாலை கடைசி ஊர். நம் அட்டவணையிலோ அதற்கு அடுத்து மேற்குக் குழித்துறை உண்டு.

4. பழி சுமந்த ஊர்

நான்காவது வகையே நாம் அஞ்சத்தக்கது. ஓர் ஊரின் பெயரை வசையாக்கும் வழக்குகள் அவை. ஒருவனைப் பித்தன் என்று இகழத் திருவனந்தபுரத்தார் 'ஊளம்பாறை' என்பர்; சென்னையார் 'கீழ்ப்பாக்கம்' என்பர்; இலங்கைத் தமிழர் 'அங்கொடை' என்பர்; வடநாட்டார் ஆக்ராவையும் ராஞ்சியையும் சொல்லுவர். காரணம் எங்கும் ஒன்றே. அவ்விடங்களில் மனநோய் மருத்துவமனைகள் அமைந்தன. சென்னை மருத்துவமனை கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது 1871-இல். ஆகவே அவ்வழக்கின் வயதும் அதற்கு மேற்படாது. நோயாளியைக் காப்பாற்ற ஓர் ஊர் இடம் கொடுத்தது. அதற்குக் கைம்மாறாக உலகம் அவ்வூரின் பெயரை ஏளனமாக்கியது. இஃது எவ்வளவு அறமற்ற செயல்! வஞ்சித்தான் என்பதற்குக் 'கும்பகோணம் செய்தான்' என்பதும் இத்தகையதே. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மகாமகத்திற்கு வரும் பெருங்கூட்டத்தை ஏற்று உபசரிக்கும் ஊருக்கு அப்பழி தகுமோ?

இவ்வகையில் நம் குழந்தைகளின் காதில் அடிக்கடி விழும் சொல் 'பாண்டி'. விளையாட்டில் சினம் மூண்டால், பேச்சில் தமிழ் ஒலி கலந்துவிட்டால், 'பாண்டி' என்ற ஒரு சொல் வந்து விழுகிறது. பிள்ளை வாடிய முகத்தோடு வீடு திரும்புகிறான். மறுநாள் முதல் தெருவில் தாயைத் தமிழில் அழைக்கவும் கூசுகிறான். நம் சங்கத்தில் இதனை அறியாத பெற்றோர் இலர். சொல்லின் வரலாற்றை அறியாமையால் நேரும் துன்பம் இது.

பாண்டி என்பது பாண்டிய நாடு. மதுரையைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பாண்டியரின் நாட்டை மலையாளத்தார் அப்பெயரால் அழைத்தனர். அங்கிருந்து மலை கடந்து வந்தவர்க்கும் அப்பெயரே ஆயிற்று. தொடக்கத்தில் அதில் இகழ்ச்சி சிறிதும் இல்லை. சோழநாட்டானைச் சோழியன் என்றது போன்றதே அது. பிற்காலத்தில் கூலிக்கு வந்தவரையும் சுமை சுமந்து வந்தவரையும் மிகுதியாகக் கண்டதால், ஏழ்மையின் மீது இருந்த ஏளனம் ஊர்ப்பெயரின் மீதும் ஏறிற்று. ஆனால் அதே கேரளத்தில் அதே சொல் தலைநிமிர்ந்து நிற்கும் இடமும் ஒன்று உண்டு. திருச்சூர்ப் பூரத்தன்று வடக்குநாதர் கோயில் வளாகத்தில் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் கூடி முழக்கும் இலஞ்சித்தறை மேளத்தைக் கேட்கப் பல்லாயிரவர் திரளுகின்றனர். அந்த மேளத்தின் வகைக்குப் பெயர் 'பாண்டி மேளம்'. அங்கே அப்பெயரைச் சொல்லுபவர் எவரும் முகம் சுளிப்பதில்லை. பிள்ளை வாடி வரும் நாளில் பெற்றோர் இதனை எடுத்துச் சொல்லுக.

மற்றொன்றும் சொல்லுக. பாண்டி என்று நம்மை அழைக்கும் திருவனந்தபுரத்தானை, மலபாரில் 'தெக்கன்' என்று அழைத்து, பாம்பினும் அஞ்சத்தக்கவன் என்று கேலி செய்யும் பழமொழி உண்டு. வடக்கத்தியானை நம்பாதே என்னும் பழமொழி நம்மிடையேயும் உண்டு. ஒவ்வோர் ஊருக்கும் கேலி செய்ய ஓர் அயலூர் தேவைப்படுகிறது போலும்! மலையாளம் என்றாலே மாந்திரீகம், மை என்று நம் வீடுகளிலும் சிலர் பேசுவது உண்டு. நம் பிள்ளை மீது எறியப்பட்ட கல் நமக்கு வலிக்கிறது எனின், நாம் எறியும் கல் அயலவருக்கு வலியாதோ? பழி சுமந்த வழக்குகளை நாம் முதலில் நம் நாவிலிருந்து நீக்குதல் வேண்டும். பின்னரே பிறரைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

5. நாம் செய்யத்தக்கது

இதுகாறும் கூறியவற்றால், ஊர்ப்பெயர் வழக்குகள் மக்கள் நடந்த வழிகளைக் காட்டும் சுவடுகள் என்பது விளங்கும். கொல்லத்துக்குச் சென்ற வணிகன், சிதம்பரத்துக்குச் சென்ற அடியவன், பாண்டி நாட்டிலிருந்து வந்த நெசவாளி ஆகிய அனைவரும் தம் கால்சுவட்டைச் சொல்லில் விட்டுச் சென்றுள்ளனர். அவர்களுள் பலர் நடந்த வழியிலேயே நாம் இன்று வாழ்கிறோம்.

ஆனால் இச்சொற்கள் நம் கண்முன்னே குறைந்து வருகின்றன. நம் பாட்டிமார் பேச்சில் நாழிகைக்கு ஒரு பழமொழி வந்தது; நமக்கு நாளுக்கு ஒன்று வருகிறது; நம் பிள்ளைகளுக்கோ தேர்வுத்தாளில் மட்டுமே வருகிறது. பெரும் புலவர்கள் தொகுத்த நூல்களில் இவ்வெல்லைப்புறத்து வழக்குகள் யாவும் ஏறிவிட்டன என்று கூற முடியாது. கோட்டாற்றுச் சந்தையையும் குழித்துறை ஆற்றையும் சாலைக் கடைத்தெருவையும் வைத்து நம் குடும்பங்களில் வழங்கும் சொற்களை நாமே எழுதி வைத்தால்தான் உண்டு.

ஆகவே சங்கத்து அன்பர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். சங்க அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு வைப்போம். ஊர்ப்பெயர் வரும் பழமொழியோ தொடரோ எதுவாயினும் அதில் எழுதுவோம். சொன்னவர் எந்த ஊரினர், எச்சமயத்தில் சொன்னார், என்ன பொருளில் சொன்னார் என்னும் மூன்றையும் குறிப்போம். மலையாள அன்பர் சொல்லியதாயின் அதனையும் விலக்காமல் எழுதுவோம். காரணக் கதை தெரிந்தால் 'இவ்வாறு சொல்லுகின்றனர்' என்று மட்டும் எழுதுவோம். தெரியாவிட்டால் புதிதாகப் புனையாமல் இடத்தை வெறுமையாக விடுவோம். எழுதும் பணியைப் பள்ளிப் பிள்ளைகளிடமே ஒப்படைப்போம். பாட்டி சொல்லப் பேரன் எழுதும் போது மொழி ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறும். அடுத்த ஆண்டு விழா மலரில் அத்தொகுப்பு அச்சேறுமாயின் அதனினும் மேலான தமிழ்த்தொண்டு நம் காலனிக்கு வேறில்லை.

நெய்யாற்றின் கரையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் தழைக்க! நம் சங்கம் வளர்க!